எண்ணூற்றைம்பது எண்டு எழுதின கை

எங்கடை வீட்டிலை ஃபோம் நிரப்புறது எப்பவும் நான்தான். இவற்றை, என்ரை மனுசன்ரை, எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். எனக்கு மன்னாரிலை கன்னியாஸ்திரிமார் அடிச்சுப் பழக்கின கையெழுத்து, குண்டு குண்டா வரி விலகாமல் நிக்கும். பிள்ளையளின்ரை பள்ளிக்கூட ஃபோம், வீட்டு ஃபோம், டொக்டரிட்டைப் போனா வாசலிலை நீட்டுற ஃபோம், எல்லாம் என்ரை கைதான். எல்லாத்திலையும் 'பெறூஃப்' எண்டு ஒரு பெட்டி இருக்கும். என்ன தொழில் எண்டு கேக்கிற பெட்டி. அதிலை வந்து நான் பேனையை நிப்பாட்டிப்போட்டு இவரைப் பாப்பன். இவர் தலை நிமித்தாமலே சொல்லுவார்.

"மெக்கானிக் எண்டு போடு."

"அதுக்கு உங்களிட்டைப் பேப்பர் இருக்கோ?"

"கை இருக்கு. போடு."

போடுவன். போட்டுட்டுப் பேசுவன். "ஒருநாளைக்கு ஆராவது சேட்டிபிக்கற் எங்கை எண்டு கேக்கட்டும், அண்டைக்குத் தெரியும்." இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பாத்து எட்டு வருசம் எனக்கு எரிச்சல் வந்தது. இப்ப அந்தச் சிரிப்பு வராதோ எண்டு கிடக்கு.

இவர் எண்டா என்ரை மனுசன் ஜேசுரட்ணம். நான் புஷ்பராணி. ஜேர்மனியிலை எசன் எண்ட ஊரிலை ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை வேலை செய்யிறன். என்ரை வாய் பொல்லாதது எண்டு கோயிலுக்கு வாற சனம் எல்லாத்துக்கும் தெரியும். அந்த வாய் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மனுசனுக்கு முன்னாலை இனிச்சுப் போச்சுது. அதைத்தான் சொல்லப்போறன்.

முதலிலை அந்தக் கையைப் பற்றிச் சொல்லவேணும். தொண்ணூறிலை சண்டைக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடி யாழ்ப்பாணத்திலை வந்து இருந்தம். அப்ப அங்கை பெற்றோல் வராது, அரசாங்கத்தின்ரை தடை. போத்தில் கணக்கிலை ஒளிச்சு வித்தவை, அது எங்களைப் போலை ஆக்களுக்கு எட்டாது. அஞ்சு வருசமா அந்த ஊரிலை ஓடின காரெல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடினது. சொன்னா இஞ்சை இருக்கிற வெள்ளைக்காரர் நம்பமாட்டினம். சின்னப் போத்திலிலை நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ளை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான உடனை மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். மற்றவை மாத்தினா கார் இருமிக்கொண்டு நிக்கும். இவர் மாத்தினா ஓடும். புகைபோற குழாயைச் சுத்திச் செப்புக் குழாய் விட்டு மண்ணெண்ணெயைச் சூடாக்குவார். காபரேற்றருக்குள்ளை இருக்கிற ஊசித்துவாரத்தைக் கழட்டி, கண்ணுக்கு நேரை பிடிச்சு, வயர்த் துண்டாலை சுரண்டிச் சுரண்டி அளவு பாப்பார். எனக்கு ஒருக்கால் விளங்கப்படுத்தினவர்: "புஷ்பம், காபரேற்றர் எண்டா எஞ்சினுக்குச் சமைச்சுக் குடுக்கிற சட்டி. காத்தையும் எண்ணெயையும் அளவாக் கலந்து குடுக்கவேணும். பசிக்கேற்ற சட்டி வைக்கவேணும். அவ்வளவும்தான்."

அந்தக் காலத்திலை எங்கடை படலையடியிலை வந்து காத்துக்கொண்டு நிண்ட ஆக்களிலை ஒராள் சிதம்பரம். ஒரு பழைய ஒஸ்ரின் கார் வைச்சு வாடகைக்கு ஓடினவர். அந்தக் காரை அஞ்சு வருசமும் மண்ணெண்ணெயிலை ஓட வைச்சது இவர்தான். சிதம்பரத்தாரை மறந்துபோடாதேங்கோ, திரும்பி வருவார்.

தொண்ணூற்றாறிலை எப்பிடியோ ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தம். இவருக்கு லிண்ட்னர் எண்ட ஒரு வெள்ளைக்காரன்ரை கார் திருத்துற கராச்சிலை வேலை கிடைச்சது. அந்த மனுசன் பழைய அமெரிக்கக் காருகளுக்குத் தகரம் நிமித்தி பெயின்ற் அடிக்கிறதிலை சூரன். எஞ்சின் பக்கம் அவ்வளவு இல்லை. மெல்ல மெல்ல எஞ்சின் எல்லாம் இவற்றை கைக்கு வந்துட்டுது. காபரேற்றர் எண்டா லிண்ட்னர் தொட்டும் பாக்கமாட்டார், "ஜேசு!" எண்டு ஒரு கூப்பிடுதான். ஆனா பேப்பரிலை இவர் எட்டு வருசமும் 'ஹெல்ஃபர்'. உதவியாள். காரைக் கழுவிறவனுக்கும் கராச்சைக் கூட்டுறவனுக்கும் இருக்கிற அதே பேர். லிண்ட்னர் கெட்டவன் எண்டு சொல்லிப்போட்டு இருந்தா எனக்கு இப்ப எவ்வளவு சுகமா இருக்கும்! ஆனா கெட்டவன் இல்லை. அவனுக்கு மூண்டரை வருசம் ஆஉஸ்பில்டுங் எண்ட தொழிற்படிப்புப் படிச்சு, சோதினை எடுத்து, பேப்பர் வாங்கினவன்தான் மெக்கானிக். மற்றவன் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டாலும் உதவியாள்தான். இந்த நாட்டிலை அது அப்பிடித்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வசந்தத்திலை லிண்ட்னர் இவரைக் கூப்பிட்டு இருத்திக் கதைச்சார். வருசக் கடைசியோடை கராச்சை வேற ஆளுக்குக் குடுக்கப்போறாராம். வாற ஆள் பேப்பர் உள்ள ஆக்களை மட்டும்தான் வைச்சிருப்பாராம். ஆனா ஒரு வழி இருக்காம். கனகாலம் மெக்கானிக் வேலையே செய்த ஆள் எண்டு முதலாளி எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தா, படிக்காமலே நேரை சோதினை எழுத விடுவினமாம். "நான் கையெழுத்து வைப்பன். ஆனா சும்மா வைக்கேலாது. ஒரு வேலையை நீயே முடிவெடுத்து, நீயே எழுதி, நீயே செய்து காட்டு. அந்தப் பேப்பரையும் சேர்த்து அனுப்புவம்" எண்டு சொல்லியிருக்கிறார்.

அண்டைக்கு இவர் வீட்டை வந்த வரத்தைப் பாக்கவேணும்! ஐம்பது வயசு மனுசன், சப்பாத்தைக் கூடக் கழட்டாமல் குசினிக்குள்ளை வந்து நிண்டு, "எடியே புஷ்பம், இனி நீ பெட்டிக்குள்ளை பயப்பிடாமல் எழுதலாம்" எண்டார். நான் சப்பாத்துக்குப் பேசினன். உள்ளுக்குள்ளை மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தன்.

பேந்து அந்த வேலை வந்தது. வந்த காரைப் பாத்தா, அதுக்குச் சொந்தக்காரர் ஆர்? சிதம்பரத்தார்! ஆள் இப்ப எசனிலை பெரிய சாமான் கடை வைச்சிருக்கிறார். மகள் பெரிய பிள்ளையாகிட்டாள், சாமத்திய வீடு ஆனியிலை. மற்றவை வெள்ளைக் குதிரை வண்டிலிலை கொண்டந்து இறக்கிப்போட்டினம், நீட்டுக் காரிலை கொண்டந்து இறக்கிப்போட்டினம், சிதம்பரத்தாருக்குப் புதுசா ஒண்டு வேணும். ஆரோ விசரன் சொல்ல, எழுபதாம் ஆண்டு டொட்ஜ் சார்ஜர் ஒண்டை வாங்கிப்போட்டார். ஆறு லீற்றருக்கு மேலை எஞ்சின், கறுப்பு நிறம், ஸ்ராட் பண்ணினா தெரு முழுக்கத் திரும்பிப் பாக்கும். ஆனா காபரேற்றர் முடிஞ்சுது. உள்ளுக்கிருந்த தண்டு தேஞ்சு, உடம்பு வளைஞ்சு, கண்ட இடத்தாலை காத்து இழுத்துக்கொண்டு இருந்தது. திருத்தேலாது, புதுசுதான் போடவேணும். எந்தக் காபரேற்றர் எண்டதைத் தெரிஞ்செடுக்கிறதுதான் இவற்றை வேலை. இவற்றை சோதினைக்கு முதல் சோதினை.

மூண்டு நாள் மேசையிலை கொப்பியும் கையுமா இருந்தார். எஞ்சின் எவ்வளவு பெரிசு, ஆகக்கூட எவ்வளவு வேகத்திலை சுத்தும், எண்டு பெருக்கிப் பிரிச்சு, ஒரு நிமிசத்துக்கு எத்தினை கன அடி காத்து வேணும் எண்டு கணக்கு. காபரேற்றருகளுக்கு அந்த எண்தானாம் பேர். அறுநூறு, எழுநூற்றைம்பது, எண்ணூற்றைம்பது எண்டு. "ஐநூற்றைம்பதும் வராது. அறுநூறு தாராளம்" எண்டார். நாலு வாய் இருக்குமாம், முன் ரெண்டு வாயும் எப்பவும் வேலை செய்யும், பின் ரெண்டும் எஞ்சின் தானாக் கேட்டாத்தான் திறக்கும். அப்பிடியான அறுநூறு.

"பெரிசாப் போட்டா இன்னும் நல்லா ஓடாதோ?" எண்டு நான் கேட்டன். எல்லாரும் அப்பிடித்தானே நினைக்கிறது.

"ஊர்வலத்திலை ஓடப்போற காரப்பா. மேளத்துக்குப் பின்னாலை ஆள் நடக்கிற வேகத்திலை போகவேணும். பெரிய வாய் வைச்சா, மெல்லப் போகேக்கை காத்து அதுக்குள்ளாலை வேகமா வராது. காத்து வேகமா வந்தாத்தான் பெற்றோலைத் தூவி இழுக்கும். இல்லாட்டி பெற்றோல் சளசளவெண்டு அப்பிடியே ஊத்துப்படும். சின்னப் பிள்ளைக்கு அண்டாவாலை பால் பருக்கிற மாதிரி. மூச்சடைச்சுப் போகும்."

இவ்வளவும் எனக்குச் சொன்னவர். எனக்கு விளங்கினது. விளங்கேல்லை எண்டு நான் எந்தக் கோயிலிலையும் சத்தியம் பண்ணேலாது.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தார் கராச்சுக்குப் போயிருக்கிறார். வுப்பர்டால் எண்ட ஊரிலை இருக்கிற தன்ரை சகலன் ஒருத்தன் இதே மாதிரிக் காருக்கு எழுநூற்றைம்பது போட்டிருக்கிறானாம். அப்ப தனக்கு எண்ணூற்றைம்பது வேணுமாம். பெடலை மிதிச்ச உடனை நாலு வாயும் ஒண்டாத் திறக்கவேணுமாம். லிண்ட்னர் என்ன சொன்னவர் தெரியுமோ? "திங்கக்கிழமை என்ரை மெக்கானிக் எழுதித் தருவார். அவர் எழுதுறதைத்தான் நான் போடுவன். காசு குடுக்கிற ஆள் நீங்கள்தான், ஆனா எஞ்சினைப் பற்றி எனக்கு அவர்தான் சொல்லவேணும்."

என்ரை மெக்கானிக்! இவர் அதை எனக்கு நாலு தரம் சொன்னார். டொச் பாசையிலை ஒருக்கால், தமிழிலை ஒருக்கால், பிறகு திரும்பவும். 'மைன் மெக்கானிக்கர்' எண்டு. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டதாலை கண் கலங்கினது தெரியேல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தாரும் மனிசியும் எங்கடை வீட்டுப் பெல்லை அடிச்சினம். கையிலை தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு, மேலை அழைப்புக் காட்.

இதை விளங்கிக்கொள்ளவேணும். வீடு தேடி வந்து தட்டு நீட்டிச் சொல்லுறது ஒரு மரியாதை. எசனிலை எட்டு வருசத்திலை எத்தினை கலியாணம், எத்தினை சாமத்திய வீடு! எங்களுக்குக் காட் போஸ்டிலை வரும், இல்லாட்டி ஆரிட்டையாவது குடுத்துவிடுவினம். போனா ஹோலின்ரை கடைசியிலை, குசினிக் கதவுக்குப் பக்கத்து மேசை. இவர் கை கறுத்த மெக்கானிக், நான் குசினிக்காரி. ஆர் தேடி வரப்போகினம்? நான் "போகட்டும், மண்ணாங்கட்டி" எண்டு வாயாலை சொல்லுவன். மனசிலை அது முள்ளு மாதிரி இருந்தது. இருக்கேல்லை எண்டு ஏன் பொய் சொல்லவேணும்?

"புஷ்பராணித் தங்கச்சி, தட்டுத் தூக்கிறதிலை முதல் தட்டு நீங்கள்தான் தூக்கவேணும்" எண்டா அந்த மனிசி. "காருக்கு நேர் பின்னாலை. வீடியோவிலை முதல் முகம் உங்கடை முகம்தான். எங்கடை வீட்டுக்காரர் சொல்லிப்போட்டார், ஜேசுவின்ரை குடும்பம் முன் மேசையிலை இருக்கவேணும் எண்டு."

முன் மேசை! எனக்கு! தேத்தண்ணி போட ஓடினன், இருந்த கேக்கை வெட்டினன், நல்ல கோப்பையை எடுத்தன்.

சிதம்பரத்தார் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "தம்பி ஜேசு, நாளைக்கு எண்ணூற்றைம்பது எண்டு எழுதிப்போடு. அந்த வெள்ளைக்காரன் நீ சொன்னாத்தான் கேப்பானாம். பார், எங்கடை ஊர்ப் பெடியன் சொல்லு வெள்ளைக்காரனிட்டை எடுபடுகுது. எனக்கு எவ்வளவு பெருமை" எண்டார்.

"அண்ணை, அது அந்தக் காருக்குச் சரிவராது" எண்டார் இவர். மெல்லமாத்தான் சொன்னார்.

"சரிவரப் பண்ணு. மண்ணெண்ணெயிலை ஓட்டின உனக்கு இது ஏலாதோ?"

இவர் காலைப் பாத்துக்கொண்டு இருந்தார். சிதம்பரத்தார் எழும்பி, தட்டை ரெண்டு கையாலையும் இவருக்கு நீட்டினார். நீட்டின தட்டை ஆர் வாங்காமல் விடுறது? இவர் எழும்பி வாங்கினார். வாங்கினா அது ஓம் எண்டு சொன்ன மாதிரித்தான். ஒரு வெள்ளைக்காரன் எண்டா தட்டையும் வாங்கி, இல்லை எண்டும் சொல்லியிருப்பான். எங்களுக்கு அது தெரியாது.

அவை போன பிறகு மேசையிலை பேப்பரை வைச்சன். இவர் சொல்லச் சொல்ல நான் ஏற்கெனவே டொச்சிலை வடிவா எழுதி வைச்சிருந்தது. எஞ்சின் விபரம், என்னென்ன மாத்தவேணும், எல்லாம். காபரேற்றர் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது, கடைசியா ஒருக்கால் சரிபாத்துப்போட்டு எழுதுவம் எண்டு.

"எத்தினை எண்டு போடுறது?" எண்டு கேட்டன்.

"உனக்குத் தெரியும்தானே."

தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னன். "இஞ்சேருங்கோ, வீடு தேடி வந்த சனம். முதல் தடவை. நாளைக்கு அறுநூறு எண்டு எழுதினா அந்தாளின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? இந்த ஊரிலை பிறகு எங்களை ஆர் மதிப்பினம்? ரெண்டும் காபரேற்றர்தானே. நீங்கள் எதையும் ஓட்டுவியள். ஒரு எண்ணிலை என்ன கிடக்கு?"

இவர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு "நீ எதையாவது எழுது" எண்டு சொல்லிப்போட்டு பல்கனிக்குப் போயிட்டார்.

நான் எழுதினன். எட்டு, அஞ்சு, சைபர். குண்டு குண்டா, வரி விலகாமல். என்ரை எட்டுக்கு மேலை ஒரு சின்ன வால் இருக்கும், அதையும் மறக்காமல் போட்டன். இவர் வந்து பாத்தார். பாத்துப்போட்டுக் கீழை கையெழுத்து வைச்சார்.

திங்கக்கிழமை லிண்ட்னர் அந்தப் பேப்பரை வாசிச்சுப்போட்டு இவரை நிமிந்து பாத்தாராம். "நிச்சயமோ?" எண்டு கேட்டாராம். இவர் "யா" எண்டாராம். வேறை ஒண்டும் கேக்காமல் சாமானுக்கு எழுதிப்போட்டார்.

வந்த காபரேற்றரோடை இவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ஊசித்துவாரத்தை மாத்தி, இந்த ஊசித்துவாரத்தை மாத்தி, ஒரு கிழமை மல்லுக்கட்டினார். வீட்டை வந்தா ஒரே பெற்றோல் மணம். "வேகமா ஓடேக்கை பறக்குது, மெல்லப் போகேக்கை சாகுது" எண்டார். "பிளக்குகள் கறுத்துப்போகுது." நான் சீலைக்கு ஏற்ற பிளவுஸ் தைக்கக் குடுத்திருந்தன். "நீங்கள் பாத்துச் செய்வியள்" எண்டு சொல்லிப்போட்டு தையல்காரியிட்டைப் போனன்.

ஆனி மாதத்து சனிக்கிழமை. ஹோலுக்கு முன்னாலை நூறு மீற்றர் நீட்டு வழி. மேளம் முன்னாலை. பிறகு கார், கூரையெல்லாம் பூ, பின் சீற்றிலை பிள்ளை குனிஞ்ச தலையோடை. காருக்கு நேர் பின்னாலை நான், பச்சைப் பட்டுச் சீலை, கையிலை முதல் தட்டு. எனக்குப் பின்னாலை பதினெட்டுப் பொம்பிளையள். ஓரத்திலை லிண்ட்னர் நிக்கிறார். சிதம்பரத்தார் ஒரு பெருமைக்காக அவரையும் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சேட்டு, கையிலை ஒரு வடை. இவர் அவருக்குப் பக்கத்திலை, புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

கார் வெளிக்கிட்டது. முதல் இருபது மீற்றர் நல்லாத்தான் உறுமிக்கொண்டு போச்சுது. மேளகாரர் நிண்டு வாசிக்க, காரும் நிண்டது. சாரதி திரும்பவும் மிதிச்சான். பொக்கெண்டு கறுத்தப் புகை என்ரை முகத்திலை. தட்டிலை கிடந்த வெள்ளைப் பூவெல்லாம் கறுத்துப்போச்சுது. பின்னாலை பொம்பிளையள் இருமினவை. கார் ஒருக்கால் குலுங்கி முன்னுக்குப் போச்சுது, திரும்பக் குலுங்கிச்சுது, அப்பிடியே செத்துப்போச்சுது. ஸ்ராட்டரை அடிக்க அடிக்கப் பெற்றோல் மணம்தான் வந்தது.

மேளம் நிண்டுட்டுது. முந்நூறு சனம்.

இவர் ஓடிவந்து எஞ்சின் மூடியை, பொன்னற்றைத் திறந்தார். மூண்டு நிமிசம் ஏதோ பாத்தார். பிளக் எல்லாம் நனைஞ்சுபோச்சுது, கழட்டிக் காயவைக்காமல் ஒண்டும் செய்யேலாது. சிதம்பரத்தார் பட்டு வேட்டியோடை ஓடிவந்து, சனம் கேக்கக் கத்தினார். "இவன்தான்! இவன்தான் எண்ணூற்றைம்பது எண்டு எழுதித் தந்தவன்! மண்ணெண்ணெய் மெக்கானிக்கை நம்பினனே!" பிறகு லிண்ட்னரைப் பாத்து டொச்சிலையும் சொன்னார், "உங்கடை மெக்கானிக் எழுதினது!" எண்டு.

எங்கடை வீட்டிலை கேக் திண்ட வாய். பாழாய்ப்போன வாய். ஆனா பாருங்கோ, சொன்னது பொய் இல்லையே.

லிண்ட்னர் கிட்ட வந்து பொன்னற்றுக்குள்ளை பாத்தார். இவரிட்டை மெல்லமாத்தான் கேட்டார். நான் தட்டோடை பக்கத்திலை நிண்டபடியாலை எனக்குக் கேட்டது. "இது இப்பிடி வரும் எண்டு உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு பிழை, மனுசருக்கு வாறதுதானே. இல்லாட்டி, என்னைக் காட்டியிருக்கலாம். அந்தா நிக்கிறாள், முதல் தட்டோடை, அவள்தான் எழுதினவள் எண்டு. இவர் என்ரை பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்" எண்டார்.

லிண்ட்னர் தலையை ஆட்டினார். கையிலை இருந்த மிச்ச வடையைத் துடைக்கிற பேப்பரிலை சுத்திப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுப்போட்டு, தன்ரை காரை நோக்கி நடந்துபோனார்.

முகூர்த்தம் போகுது எண்டு ஐயர் கத்தினார். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ." பட்டும் கோட்டும் போட்ட ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டினம். இவர் போய்ப் பின்பக்கத்திலை ரெண்டு கையையும் வைச்சுத் தள்ளினார். ஒண்டரைத் தொன் இரும்பு. பிறகு வெக்கத்துக்கு இன்னும் ரெண்டு பேர் வந்து கை வைச்சினம். மேளம் திரும்பத் தொடங்கிச்சுது. இவற்றை குனிஞ்ச முதுகுக்கு ஒரு முழம் பின்னாலை நான் தட்டோடை நடந்தன். புதுக் கோட்டு முதுகிலை தையல் பிரிஞ்சதைப் பாத்துக்கொண்டு நடந்தன். வீடியோக்காரன் எனக்கு நேரை கமராவைப் பிடிச்சுக்கொண்டு, "அக்கா, சிரியுங்கோ" எண்டான். சிரிச்சன். கடவுள் அறிய, சிரிச்சனான்.

திங்கக்கிழமை லிண்ட்னர் இவரிட்டைச் சொன்னது இதுதான். "உனக்குத் தெரியாமல் பிழைவிட்டிருந்தா, படி எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிருப்பன். தெரிஞ்சுகொண்டு வேறையா எழுதின ஆளுக்குக் கீழை என்ரை பேரைப் போடேலாது." அடுத்த கிழமை அறுநூறு வந்தது. இவரே போட்டார். அரை நாள்தான் எடுத்தது. கார் பூனை மாதிரி ஓடிச்சுதாம். சிதம்பரத்தார் வந்து எடுத்துக்கொண்டு போய், "கடைசியிலை வெள்ளைக்காரன்தான் திருத்தினவன்" எண்டு ஊர் முழுக்கச் சொன்னார்.

நான் விடேல்லை. குசினி வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு பஸ் எடுத்து லிண்ட்னரிட்டைப் போனன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச்சிலை சொன்னன்: "அந்த எண் நான் எழுதினது. பாருங்கோ, இது என்ரை எட்டு. அவர் அறுநூறு எண்டவர். மூண்டு நாள் கணக்குப் பாத்து அறுநூறு எண்டவர். வீடு தேடி வந்தவை, தட்டு நீட்டினவை..." தட்டைப் பற்றி விளங்கப்படுத்த எனக்குச் சொல் தெரியேல்லை. தெரிஞ்சாலும் அவனுக்கு விளங்கியிருக்காது.

அவர் பேப்பரை எடுத்து மேசையிலை விரிச்சார். என்ரை எட்டைப் பாத்தார். பிறகு கீழை விரலை வைச்சார். "கையெழுத்து ஆற்றை?"

"அவற்றை."

"பிறகென்ன, ஃபிறவ்?"

ஃபிறவ், அம்மணி எண்டு மரியாதையாத்தான், கோபத்திலை கேக்கேல்லை. உண்மையாவே கேட்டார், எனக்கு ஏதும் மறுமொழி இருக்குதோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தார். நான் எழும்பி வந்திட்டன்.

மார்கழியோடை கராச் கைமாறிச்சுது. வந்த ஆளுக்குப் பேப்பர் உள்ள மூண்டு பேர் போதும். இவர் இப்ப பார்சல் பிரிக்கிற இடத்திலை நிக்கிறார். பெட்டி வரும், தூக்கி மற்றப் பக்கம் போடவேணும். அவ்வளவும்தான்.

சாமத்திய வீட்டு டிவிடி ஆறு மாதம் கழிச்சு வந்தது, போஸ்டிலை. பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டி வடிவாச் செய்திருந்தாங்கள். புகை இல்லை, கத்தல் இல்லை. கறுப்புக் கார் பூவோடை தானா வழுக்கிக்கொண்டு வருது. பிறகு நான் தட்டோடை சிரிச்சுக்கொண்டு வாறன். இடது ஓரத்திலை, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளை, காரின்ரை பின் தகரத்திலை ரெண்டு கை தெரியும். அந்தக் கை மட்டும்தான். இவர் பக்கத்திலை இருந்து பாத்தவர். பாத்துப்போட்டு, "வடிவா இருக்கிறாய்" எண்டார். குத்திக் கதைக்கிற மனுசன் இல்லை, மெய்யாத்தான் சொன்னவர்.

ஒருக்கால் என்னைப் பேசியிருந்தா, ஒரு கோப்பையைத் தூக்கி எறிஞ்சிருந்தா, நான் திருப்பிப் பேசி ஒருமாதிரி ஆறியிருப்பன். இண்டுவரைக்கும் ஒரு சொல் இல்லை.

போன மாதம் இவருக்கு முதுகுநோ எண்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். பெட்டி தூக்கிற முதுகு. வாசலிலை இருந்த பெட்டை ஃபோமை நீட்டினாள். பேர் எழுதினன், பிறந்த திகதி எழுதினன், விலாசம் எழுதினன். அந்தப் பெட்டி வந்தது. நான் பேனையை நிப்பாட்டேல்லை. இந்த முறை கேக்காமலே மெக்கானிக் எண்டு எழுதிப்போடுவம், கை இருக்குத்தானே எண்டு நினைச்சு, முதல் எழுத்தைத் தொடங்கினன்.

இவர் குனிஞ்சு பாத்தார். என்ரை கையிலை மெல்லத் தட்டினார்.

"வெட்டிப்போட்டு ஹெல்ஃபர் எண்டு எழுதப்பா" எண்டார். "கேட்டா, அதுக்குத்தான் என்னட்டைப் பேப்பர் இருக்கு."

வெட்டிப்போட்டு எழுதினன்.